பந்து உச்சியில் நிற்கும்போது

டேபிள் டென்னிஸ் போட்டியில் கேமராக்கள் படபடப்பது ஸ்மாஷுக்குத்தான். எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. ஸ்மாஷ் அடிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்: வாய் கோணி, கண் பாதி மூடி, தலைக்கு நேர்மேலே எரியும் விளக்கால் புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புப் பள்ளம். வேகம் கிடைக்கும், பிள்ளை கிடைக்காது. நான் காத்திருப்பது அதற்கு முன்னால் வருகிற சர்வீஸ் டாஸுக்கு.

பந்தைக் குறைந்தது 16 செ.மீ. மேலே எறிய வேண்டும் என்பது விதி. எறிந்த பந்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்க முகம் நிமிர்ந்தாக வேண்டும். அதுவரை நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தேங்கி நின்ற வெளிச்சம் அப்போது கண்ணுக்குள் இறங்குகிறது. விழியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். உதடு லேசாகப் பிரியும். சிலருக்கு நாக்கு நுனி எட்டிப்பார்க்கும். எறிந்த கையை உடனே விலக்கிவிட வேண்டும் என்று 2002இல் வந்த விதி, சர்வீஸை மறைத்துப் போடுவதைத் தடுக்க வந்தது. எதிராளி பந்தைப் பார்க்கட்டும் என்று செய்தார்கள்; கேமராக்காரனுக்கு முகம் கிடைத்தது.

இதற்கு நான் நம்பும் லென்ஸ் ஒன்றே ஒன்று: 1996இல் வந்த கேனன் 135 மி.மீ. எஃப்/2. முக்கால் கிலோ எடை. ஸ்டெபிலைசர் கிடையாது, ஓடுகிற பிள்ளையை எந்த ஸ்டெபிலைசரும் நிறுத்திவைக்கப் போவதில்லை என்பதால் நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. எதிர்ப்பக்க மூலையில், ஆறு மீட்டர் தள்ளித் தரையில் உட்கார்ந்து கேமராவை நெட்டாகப் பிடித்தால், மேசை விளிம்பிலிருந்து தலைக்கு மேலே எழும் பந்து வரைக்கும் ஃபிரேமுக்குள் அடங்கும். ஃபோகஸ் ஆழம் கால் மீட்டர்கூட வராது. கண்ணில் விழுந்தால் படம். காதில் விழுந்தால் அடுத்த சர்வீஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

70-200 எஃப்/2.8 ஜூம்தான் உள்ளரங்குக்கு உகந்தது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கூடைப்பந்துக்கும் பாட்மின்டனுக்கும் ஒப்புக்கொள்கிறேன். சர்வீஸ் போடும் பிள்ளை மேசையை விட்டு எங்கே ஓடிவிடப் போகிறது? ஜூமின் வசதிக்கு அங்கே வேலையில்லை. இழக்கிற ஒரு ஸ்டாப் வெளிச்சம்தான் வலிக்கும். உலகப் போட்டிகளுக்கு மேசைமேல் 1000 லக்ஸ், மற்றவற்றுக்கு 600 லக்ஸ் என்பது சர்வதேசக் கணக்கு. 600 லக்ஸில் 1/1000 நொடி ஷட்டர் வைத்தால் எஃப்/2க்கு ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப்/2.8க்கு 3200. கேமராவோடு சேர்த்து விற்கிற எஃப்/5.6 ஜூமுக்கு 12800. நம் பள்ளிக்கூட ஹால்களிலும் கல்யாண மண்டபங்களிலும் 600க்கு எங்கே போவது? பாதி கிடைத்தால் பெரிது.

ஆனால் டாஸுக்கு 1/1000 தேவையே இல்லை. உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறது. முகமும் பேட்டும் அதோடு சேர்ந்து நிற்கின்றன. 1/100 நொடியிலேயே பந்து உருண்டையாக விழும். ஒரு மோனோபாட் மட்டும் இருந்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. 1/1000இல் அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் பச்சை. 1/100இல் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடுவதால் நிறம் நிலையாக நிற்கும். 300 லக்ஸ் மண்டபத்திலும் ஐஎஸ்ஓ 320 போதும். டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600க்குத் தள்ளி டெவலப் செய்து, உப்பும் மிளகுத்தூளும் தூவியதுபோல் பிரிண்ட் வாங்கிய காலத்திலும் டாஸை மட்டும் 400லேயே எடுக்க முடிந்தது.

டாஸிலும் எனக்குப் பிடித்த ரகம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனி வீரர் ஓவ்ச்சாரொவைப் பார்த்துவிட்டு, அவரைப்போலவே குந்தி பேக்ஹேண்ட் சர்வீஸ் போடும் பிள்ளைகள். முகம் மேசை மட்டத்துக்கு, அதாவது 76 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். தடுப்புப் பலகையும் ஏறக்குறைய அதே உயரம்தான். லென்ஸை அதன் விளிம்பில் வைத்தால், மேசையின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது வருகிற படங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நொடிக்கு முப்பது ஃபிரேம் சுட்டுத் தள்ளுகிறார்கள். எது படம் என்று வீட்டுக்குப் போய்த்தான் தேடுகிறார்கள். பிறகு நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் போட்டு வழிக்கிறார்கள். மேலுதட்டு வியர்வை, கன்னத்துப் பூனைமுடி, நெற்றியில் கரைந்து வழிந்த விபூதி எல்லாவற்றையும் அது நாய்ஸ் என்றே எண்ணித் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது மெழுகு பொம்மை. அதைப் பெற்றோர் ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அதே முகம்தான்! புள்ளி விழுந்த படமாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் படம் என்றால் யாரும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்.

பெரிய போட்டிகளைப்போலச் சுற்றிலும் இருட்டாக்கி மேசைக்கு மட்டும் விளக்குப் போடும் ஆசை சின்னப் போட்டிகளுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்து மேசைப் பையனும், டிபன் பாக்ஸோடு நிற்கும் அம்மாவும் எஃப்/2இல் கரைந்து, ஆனால் காணாமல் போகாமல் பின்னால் இருக்கிறார்களே, அதுதான் அந்த மண்டபத்தின் அழகு.

போட்டி நடத்துகிறவர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறவருக்குத் தடுப்புக்கு வெளியே தரையில் உட்கார ஒரு ஆள் இடம் விடுங்கள். ஃபிளாஷ் போடுகிறவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.