மூன்று விளம்பரக் கணக்குகளும் ஒரு பார்சல் பதிவேடும்

குன்னூரில் பெட்போர்டு சந்திப்பிலிருந்து மேலே ஏறும் சாலையில், சொந்தத் தோட்டத்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கையால் பக்குவம் செய்து, பாக்கெட்டுகளாக்கி, நாடெங்கும் தபாலில் அனுப்பிவரும் ஒரு குடும்பத்தாரின் சிறு கடை இருக்கிறது. அக்கடையை நடத்தும் அம்மையார் ஒருநாள் தமது நீளமான பார்சல் பதிவேட்டை என் முன் விரித்து வைத்து, "சார், நான் கட்டாத பார்சலையெல்லாம் யார் கட்டினாங்க?" என்று கேட்டார். கூகுள், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா, அமேசான் ஆகிய மூன்று இடங்களிலும் அவர் விளம்பரம் செய்கிறார். மூன்றும் தாங்கள் விற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்தால், அவர் கையாலேயே கட்டி அனுப்பிய பார்சல்களைவிட அது எப்பொழுதும் அதிகமாகவே இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்துதான், இந்த மூன்று கணக்குகளையும் ஒரே கணக்காக இசைவிக்கும் வழிகளை, பனிக்காலம் தொடங்கி முதல் மழை விழும் வரையில், ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தேன்.

விஷயத்தை ஒரே ஒரு பாக்கெட்டைக் கொண்டு விளக்கிவிடலாம். சென்னையில் ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் பனித் தேயிலையின் படத்தைக் கண்டு அதைத் தொட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய், சனிக்கிழமை கடையின் பெயரைக் கூகுளில் தேடி அங்கே வந்த விளம்பரத்தைத் தொட்டு, வீட்டாரைக் கலந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பணம் செலுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். தொட்ட நாளிலிருந்து 7 நாள் வரையில் நடக்கும் விற்பனையைத் தன்னுடையதென்று எழுதிக்கொள்வது மெட்டாவின் வழக்கமான ஏற்பாடு. கூகுள் விளம்பரத்துக்கோ அந்தத் தவணை 30 நாள். ஆகவே இருவரும் அந்தப் பாக்கெட்டைத் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அவரவர் விதிப்படி இருவர் எழுதியதும் பிழையன்று. இதிலும் கூகுள் அதை விளம்பரம் தொடப்பட்ட சனிக்கிழமையில் எழுதுகிறது. கடைப்பக்கத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸோ பணம் வந்த ஞாயிற்றுக்கிழமையில் எழுதுகிறது. மெட்டாவில் எந்த நாளில் எழுதுவதென்பதை நாமே தெரிவு செய்து கேட்க வேண்டியிருக்கிறது. அம்மையாரின் பதிவேட்டிலோ பார்சல் கட்டிய மறு திங்கட்கிழமைதான் தேதி.

நாள் என்பதே ஒன்றாக இல்லாத சங்கடமும் உண்டு. மூன்று கணக்குகளில் ஒன்றைத் தொடங்கியவர் கவனக்குறைவாக அமெரிக்க மேற்குக் கரையின் நேரத்தை வைத்துவிட்டிருந்தார். அதனால் பனிக்காலத்தில் அந்தக் கணக்கில் மட்டும் நமது பிற்பகல் 1.30 மணிக்குத்தான் நாள் பிறந்தது. பணத்தின் அளவையும் வேறு வேறு. கூகுள் விளம்பரத்தின் உள்வழியில் வரும் செலவுத்தொகை ரூபாயில் வருவதில்லை. ஒரு ரூபாயைப் பத்து லட்சம் கூறாக்கி எண்ணி, 250 ரூபாயை 25 கோடி என்று எழுதி அனுப்புகிறது. மெட்டாவிலிருந்து அதே தொகை 250 என்றே வருகிறது. 'கிளிக்' என்று இருவரும் சொன்னாலும், மெட்டாவின் மொத்தக் கிளிக்கில் படத்துக்கு விருப்பம் தெரிவித்தவரும் சேர்ந்துவிடுவார். இணைப்பைத் தொட்டவரை மட்டும் அறிய 'லிங்க் கிளிக்' என்ற தனிப் பத்தியைப் பார்க்க வேண்டும். இவை போதாவென்று, ஒரே சரக்குக்கு மூவர் மூன்று பெயர் சூட்டியிருந்தார்கள்: ஒருவர் பனித் தேயிலை என்றார், ஒருவர் ஃப்ராஸ்ட் டீ என்றார், மற்றவர் விண்டர் ஸ்பெஷல் என்றார்.

முதலில் கையாண்டது கூகுள் ஷீட். வாரந்தோறும் மூன்று தளங்களிலிருந்தும் விவரங்களை இறக்கி ஒட்டுவது சுலபம், செலவுமில்லை. விளம்பரம் இரண்டே இடங்களில், திட்டங்கள் நாலைந்துக்குள் என்றால் வேறொன்றையும் தேட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒரு ஷீட் ஒரு கோடிக் கட்டங்கள் வரை தாங்கும் என்பதால் இடம் போதாமற் போவதில்லை; போதாமற் போவது ஒட்டுகிறவரின் பொறுமைதான். சீசனில் கடை நிறைந்திருந்த ஒரு வாரம் ஒட்டாமல் விட்டோம். மறுவாரம் ஒரே வாரத்தை இருமுறை ஒட்டினோம். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு மாதமாயிற்று.

அடுத்து, சந்தா கட்டினால் எல்லாத் தளங்களிலிருந்தும் விவரங்களைத் தாமே கொண்டுவந்து சேர்க்கும் இணைப்பான்கள். சூப்பர்மெட்ரிக்ஸ், ஃபனல், ஃபைவ்டிரான் என்று இவற்றில் பல உண்டு. சௌகரியத்தில் இவற்றுக்கு நிகரில்லை. அரை மணி நேரத்தில் மூன்று கணக்கும் ஒரே திரையில் வந்து நின்றன. ஆயினும் கட்டணம் எதைக்கொண்டு ஏறுகிறது என்பதைச் சேருமுன் கேட்டறிவது அத்தியாவசியம். ஃபைவ்டிரான், எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் புதிதாய் வந்த, மாறிய வரிகளை எண்ணி வாங்குகிறது. விளம்பரக் கணக்கோ பழைய நாட்களின் வரிகளும் பிற்பாடு மாறிக்கொண்டேயிருக்கும் தன்மையுடையது. நான் முயன்றவற்றுள் ஒன்றில், கடவுச்சொல் மாறியதும் வரவு நின்றுபோய், திரையில் பழைய எண்ணே நின்றுகொண்டிருந்தது. தவறென்று ஒரு சொல்லும் அது சொல்லவில்லை. பல வாடிக்கையாளருக்கு விளம்பரம் செய்து கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு இவ்வழி தகும். ஒரு தேயிலைக் கடைக்கு இந்தச் சந்தா பாரம்.

அதே வேலையைச் செய்யும் ஏர்பைட் என்னும் திறந்த மூலச் செயலி சந்தா கேட்பதில்லை; 8 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு கணினியும், அதை இரவும் பகலும் விழித்திருக்க வைக்கும் மின்சாரமும் கேட்கிறது. மழைக்காற்றில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழும் ஊரில், வீட்டுக் கணினியை நம்பி இதை வைப்பதற்கில்லை.

கடைசியாக வந்து நின்ற இடம் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவரி. மாதம் 10 ஜி.பி. சேமிப்பும் ஒரு டெராபைட் அளவுக்குக் கேள்விகளும் இலவசம். இக்கடையின் பல வருஷத்துக் கணக்கும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் பணம் செலுத்தும் வழியைப் பதிவு செய்யாமல், பழகிப் பார்க்கும் 'சாண்ட்பாக்ஸ்' நிலையிலேயே இருந்துவிட்டால், அட்டவணைகள் 60 நாளில் தாமே அழிந்துபோகும். ஆகவே இலவச அளவுக்குள் நிற்கப்போகிறவரும் கார்டைப் பதிவு செய்துவிட வேண்டும். கூகுள் விளம்பர விவரங்களை நாள்தோறும் தானே கொண்டுவரும் ஏற்பாடு இதிலேயே இருக்கிறது. அது வழக்கமாகக் கடந்த 7 நாள் கணக்கைத்தான் திரும்ப எடுக்கும். விற்பனைத் தவணையோ 30 நாள். எனவே அதையும் 30 ஆக்கினேன். ஆக்கிய மறுநாளே, தீர்ந்துபோன கணக்கென்று நாங்கள் எண்ணியிருந்த மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு நாளில் புதிதாக ஒரு விற்பனை வந்து உட்கார்ந்திருந்தது. அந்நாளில் விளம்பரத்தைத் தொட்ட ஒருவர் அப்பொழுதுதான் வாங்கியிருந்தார்.

இதைவிடப் பெரிய பிரயோஜனம், வந்த விவரத்தை வந்தபடியே, ஒரு புள்ளியும் மாற்றாமல் நம்மிடம் வைத்துக்கொள்ள முடிவது. மெட்டா 37 மாதத்துக்கு முந்திய விவரங்களைத் திரும்பத் தருவதில்லை. அமேசானில் கிடைப்பது மூன்று மாதத்துச் சொச்சமே. பனித் தேயிலை வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியில் வருவது. ஒரு பனிக்காலத்தை முந்திய பனிக்காலத்தோடு ஒப்பிட விரும்புகிறவர், மூலத்தைத் தம் கையில் வைத்திருந்தாலன்றி என்ன செய்ய முடியும்?

மூலத்துக்கு மேலே ஒரு சிறு அட்டவணை அமைத்தோம். இந்தக் கணக்கில் இன்ன பெயரில் வருவது நம் கணக்கில் இன்ன சரக்கு, என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இதை அம்மையார் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். அதற்குக் காரணம் உண்டு. 1963 முதல் குன்னூரில் நடந்துவரும் ஏலத்தில் எத்தனையோ தொழிற்சாலைகளின் தேயிலை ஒரே பட்டியலில் வருகிறது. தொழிற்சாலையின் குறி, தரம், மூட்டை, எடை என்ற ஒரே ஒழுங்கில் எல்லாரும் எழுதுவதால்தான், கோத்தகிரிச் சரக்கையும் குந்தாச் சரக்கையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை சொல்ல முடிகிறது. பி.ஓ.பி. என்ற தரம் இன்னதென்று ஆளுக்கொரு பொருள் கொண்டிருந்தால் ஏலமே நடந்திராது. "நம்ம தரப்பெயர் மாதிரித்தானே சார் இது?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலைக்குள் நாற்பது பெயர்களுக்கும் தாமே எதிர்ப்பெயர் எழுதிக் கொடுத்தார்.

இந்த அட்டவணையை எந்தச் செயலியும் நமக்காக எழுதித் தராது. எழுதித் தருவதாகச் சொல்லும் செயலியிடம் அதை ஒப்படைத்தவர், சந்தாவை நிறுத்தும் நாளில் தம் கணக்கின் பொருளையும் அங்கேயே விட்டுவர நேரும். ஆகையால் வளரப்போகும் ஒரு வியாபாரம் தேர்ந்தெடுக்க வேண்டியது, மூலமும் பொருள்விளக்கமும் தன் கையில் தங்கும் வழியைத்தான் என்று நான் உறுதியாகச் சொல்லுவேன். கொண்டுவரும் வேலையை மட்டும் வேண்டுமானால் கூலிக்கு விடலாம். நாங்களும் அமேசானுக்கு அப்படித்தான் விட்டிருக்கிறோம். திரையில் காட்டும் வேலைக்கு லுக்கர் ஸ்டூடியோ போதும். ஆனால் இசைவிக்கும் வேலையை அதனிடம் கொடுக்கலாகாது. அதன் 'பிளெண்ட்' ஐந்து அட்டவணைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஐந்துக்குள்ளேயே, ஒரு பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால், எங்கள் செலவுத்தொகை இரட்டித்து நின்றது.

செலவையும் கிளிக்கையும் மட்டும் விளம்பரத் தளங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது, விற்பனையைப் பார்சல் பதிவேட்டிலிருந்தே எடுப்பது, அவரவர் உரிமை கொண்டாடும் விற்பனையைத் தனித்தனிப் பத்தியில் காட்டுவது, ஒருபோதும் கூட்டாமலிருப்பது: இப்படித்தான் இப்பொழுது வைத்திருக்கிறோம். அதற்காக அந்த நீளமான பதிவேட்டு நோட்டு ஒரு கூகுள் ஷீட்டாகவும் மாறி, பிக்குவரியோடு இணைந்திருக்கிறது. நோட்டையும் அம்மையார் விடவில்லை.

வாட்ஸ்அப்பில் பேசி வாங்குகிறவர்கள் எந்த விளம்பரத்தால் வந்தார்கள் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஷீட்டில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்; "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அம்மையாரின் மகள் அதில் எழுதிவருகிறாள். சென்ற வாரம் அதில் பாதிக் கட்டங்களுக்கு மேல் "மாமி சொன்னாங்க" என்றே இருந்தது; அதற்கும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தாயிற்று.