டார்ச் வெளிச்சத்தில் தெரியும் படம்

சத்தம் வருகிறது, படம் இல்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, இருண்ட திரையருகே டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறார் மெக்கானிக். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக அசைகிறது. பேனலுக்கு உயிர் இருக்கிறது, போனது பின்னொளிதான். டிவி பழுதுபார்ப்பதில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது.

எல்சிடி திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலுள்ள எல்இடி பட்டைகள்தான் வெளிச்சம் தருகின்றன. தொடர் இணைப்பு என்பதால் ஒரு எல்இடி அறுந்தாலே வரிசை முழுவதும் அணைந்துவிடும்.

சத்தமும் இல்லாமல் ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் சிமிட்டினால் முதலில் பவர் போர்டு: தலை உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா? கடற்காற்று படும் ஏரியா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரில் அளக்காமல் அவர் கை வைப்பதில்லை. அந்த நிதானத்தை மிகவும் மதிக்கிறேன்.

புது எல்இடி பட்டைக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. டிவி மாடலோடு, பட்டைமேல் அச்சிட்ட எண்ணையும் குறித்துக்கொண்டு போகவேண்டும். பட்டையை மாற்றும்போது, பேனலைத் தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். விளிம்பிலுள்ள மெல்லிய ரிப்பன் கிழிந்தால் பேனலே போச்சு.