கோவூர்கிழார் கண்ட பகை

கோவூர்கிழாரைச் 'சமாதானப் புலவர்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவது நம் வகுப்பறை வழக்கம். புறநானூற்றில் 44 முதல் 47 வரையுள்ள நான்கு பாட்டையும் தொடர்ந்து படிப்பார்க்கு அச்சொல் போதாமை விளங்கும்.

ஆவூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, நெடுங்கிள்ளி கதவடைத்துக் கிடக்கிறான். பாலின்றிக் குழவிகள் அழுகின்றன. யானைகள் கவளமின்றி வாடுகின்றன. புலவர் அவனைப் பொறுத்திரு என்றாரில்லை. கோட்டையைக் கொடு, அன்றேல் வெளிப்பட்டுப் பொருது என்று இடித்துரைக்கிறார். இங்கே அவர் வெறுப்பது போரையன்று. ஊரார் வயிறெரிய ஒளிந்திருத்தலையே.

உறையூர் முற்றுகையிலோ குரல் வேறு. எதிரி பனம்பூச் சூடிய சேரனல்லன், வேம்பணிந்த பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடி. இவ்வொரு பாட்டையே மனப்பாடம் செய்வித்து அமைகிறோம். ஈண்டும் அவர் தூண்டுவது அன்பையன்று, நாணத்தை: பிற வேந்தர் கண்டு மகிழ்வரே என்னும் நாணத்தை. துறை வகுத்தவர் இதனைத் துணைவஞ்சி என்றார். முன்னதையோ அரசவாகையில் வைத்தார். அவரும் வேறுபாடு கண்டவரே.

மலையமான் மக்களை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனிடம்தான் கனிவு பிறக்கிறது. யானையைக் கண்டு அழுகை மறந்த சிறுவர் மன்றிலுள்ள மாந்தரைக் கண்டு மருள்கின்றனர்! பகை விலங்கிடத்தில் இல்லை என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டல் அரிது.

நான்காவதில் படையுமில்லை, குடிப்பழியுமில்லை, வெறும் ஐயம். நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தனை ஒற்றனென்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுகிறான். பெற்றதை உண்டு, பிறர்க்கும் ஈந்து திரியும் புலவர் வாழ்வு யார்க்குத் தீங்காகும் என்று கேட்கிறார் கிழார். தம் இனத்தார்க்காகவும் அவர் வாதாட நேர்ந்தது.