கிளன்னாட்: விளையாட்டிலிருந்து திரைக்கு

கிளன்னாட் என்பது ஜப்பானின் கீ நிறுவனம் 2004 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட காதல் காட்சிப் புதினம் ஆகும். படம், இசை, உரை ஆகியவற்றோடு வாசித்துச் செல்லும் கணினி விளையாட்டையே காட்சிப் புதினம் என்கிறோம். சில இடங்களில் விளையாடுபவர் தேர்ந்தெடுக்கும் விடையைப் பொறுத்துக் கதை வேறு வழியில் திரும்பும். கிளன்னாடின் எழுத்தாளர்களில் முதன்மையானவர் ஜுன் மயேடா. பாத்திரங்களை வரைந்தவர் இதாரு ஹினோவே. பின்னர் இது மங்கா, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் எனப் பல வடிவங்களை எடுத்தது. வடிவம் மாறும்போது ஒரு கதையின் முடிவுக்கு உள்ள பொருளும் மாறிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இக்கட்டுரையில் கதையின் முடிவும் பேசப்படுகிறது.

கதை

தோமோயா ஒகசாகி உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவன். தந்தையுடன் நடந்த சண்டையில் தோள் காயமுற்று, கூடைப்பந்து ஆட்டத்தைக் கைவிட்டவன். நோயால் அதே வகுப்பில் மீண்டும் படிக்கும் நாகிசா புருகாவாவைப் பள்ளிக்குச் செல்லும் மேட்டுப்பாதையில் சந்திக்கிறான். இருவரும் காதலித்து மணம் புரிகின்றனர். மகள் உஷியோவைப் பெற்றெடுத்த நாகிசா இறந்துவிடுகிறாள். தோமோயா குழந்தையை மாமனார், மாமியாரிடம் விட்டுவிட்டு ஐந்தாண்டுகள் ஒதுங்கி வாழ்கிறான். பின்னர் மகளோடு சேர்கிறான். ஆனால் அவளையும் அதே நோய் கொண்டுபோகிறது. அதன்பின் காலம் பின்னோக்கிச் செல்கிறது, நாகிசா பிழைக்கிறாள்.

விளையாட்டில் முடிவின் பொருள்

இந்த முடிவைப் பலர் குறை கூறுவதுண்டு. மரணத்தைக் காட்டி அழவைத்துவிட்டு, பிறகு அதை இல்லை என்று ஆக்குவது ஏமாற்று வேலை என்பது அவர்கள் வாதம். தொடரை மட்டும் பார்த்தவருக்கு இந்த வாதம் நியாயமானதே. விளையாட்டை முடித்தவருக்கு அது அப்படித் தோன்றாது.

விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வழி உண்டு. நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் புகோ, தன் அக்காவின் திருமணத்துக்கு ஆள் சேர்க்க மரத்தில் நட்சத்திர மீன் செதுக்கித் தருவது ஒரு வழி. பெற்றோரை இழந்த கொதோமியின் கதை இன்னொரு வழி. இவற்றை நல்லபடியாக முடிக்கும்போது விளையாடுபவருக்கு ஓர் ஒளிக்கோளம் கிடைக்கும். போதிய கோளங்கள் சேர்ந்தால்தான் நாகிசா பிழைக்கும் முடிவு திறக்கும். பல நாள் செலவிட்டு, பிறருடைய துயரைத் தீர்த்த பிறகு வருவது அது. ஆகவே அங்கே அற்புதம் இலவசமாக வருவதில்லை. விளையாடுபவரின் உழைப்பே அதற்கு விலை.

திரைப்படமும் தொடரும்

டோயி அனிமேஷன் தயாரித்து, ஒசாமு தெசாகி இயக்கிய திரைப்படம் 2007 செப்டம்பரில் வெளிவந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கதையைச் சொல்ல வேண்டியிருந்ததால், மற்றப் பெண்களின் கதைகள் பெரும்பாலும் விடப்பட்டன. அற்புதமும் விடப்பட்டது. இறந்த நாகிசா திரும்புவதில்லை. தந்தையும் மகளும் ஒன்றுசேர்வதோடு படம் முடிகிறது. பலரும் குறைவாக மதிக்கும் படம் இது. ஆனால் கோளங்களைச் சேர்க்க இடமில்லாத வடிவத்தில் அற்புதத்தைக் காட்டாமல் விட்டது நேர்மையான முடிவே.

கியோட்டோ அனிமேஷனின் தொடரை தத்சுயா இஷிஹாரா இயக்கினார். முதல் பருவம் 2007 அக்டோபரிலும், ‘ஆஃப்டர் ஸ்டோரி’ என்னும் இரண்டாம் பருவம் 2008 அக்டோபரிலும் தொடங்கின. வெவ்வேறு வழிகளில் நடந்த நிகழ்வுகளை இத்தொடர் ஒரே தோமோயாவின் வாழ்வில் வரிசையாக அடுக்குகிறது. அதனால் மற்றப் பெண்களின் காதல் ஒருதலையாகவே நின்றுவிடுகிறது. தோமோயோ, கியோ ஆகியோரின் வழிகளைத் தனிச் சிறப்பு அத்தியாயங்களாகத் தரவேண்டியதாயிற்று. ஒளிக்கோளங்கள் தொடரிலும் வருகின்றன. ஆனால் அவற்றைச் சேர்ப்பவர் பார்வையாளர் அல்லர். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவு திடீரென வந்தது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

எனினும், தொடருக்கென்று ஒரு வலிமை உண்டு. இரண்டாம் பருவத்தின் 18ஆம் அத்தியாயத்தில், தந்தையும் மகளும் இருக்கும் தொடர்வண்டிக் காட்சிக்கு எந்த அற்புதமும் தேவைப்படவில்லை. அடுத்த அத்தியாயத்தில் தோமோயா தன் தந்தையை மன்னித்து ஊருக்கு அனுப்பிவைக்கிறான். தான் தந்தையான பின்னரே தன் தந்தையைப் புரிந்துகொள்கிறான். காதல் கதைகள் பல திருமணத்தோடு நின்றுவிட, கிளன்னாட் அங்கிருந்துதான் ஆழம் பெறுகிறது.

குறைகள்

நாகிசாவின் நோய்க்குப் பெயர் இல்லை. அது கதைக்குத் தேவைப்படும்போது வந்து போகிறது. அவளுடைய மரணம் அவள் இழப்பாக அல்லாமல், தோமோயா முதிர்ச்சி அடைவதற்கான பாடமாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. இக்குறை எல்லா வடிவங்களிலும் தொடர்கிறது.

மதிப்பீடு

தொடரை மட்டும் பார்த்து, முடிவில் ஏமாற்றம் அடைந்தவர்கள் விளையாட்டை ஒருமுறை வாசிப்பது நல்லது. அதன் ஆங்கிலப் பதிப்பு 2015 முதல் கிடைக்கிறது. ஒரு வடிவத்தில் குறையாகத் தெரிவது, இன்னொரு வடிவத்தில் கதையின் அடித்தளமாக இருப்பதை அங்கே காணலாம்.