சேசிஸும் கேஷும் பங்காளிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய பைக் கைமாறும்போது ஒரு சின்னச் சடங்கு நடக்கும். புரோக்கர் குனிந்து, சேசிஸ் நம்பர் மேல் தாளை ஒட்டி, பென்சிலால் தேய்ப்பார். எண் வெள்ளையாக எழும்பி வரும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

அந்த 'சேசிஸ்' பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஷாஸி'. அவர்களுக்கு அது முதலில் ஜன்னல் சட்டம். ஓவியர் துணியை இழுத்துக் கட்டும் சட்டமும் அதுவே. மோட்டார் வண்டி பின்னால் வந்து ஏறிக்கொண்டது. இன்னும் மேலே போனால், புனிதர்களின் எலும்பைக் காக்கும் பேழையான 'ஷாஸ்'. அதற்கும் மேலே, பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'.

அந்தப் பெட்டியின் வாரிசுகள் பேட்டை முழுக்க இருக்கிறார்கள். சோடா வந்திறங்கும் கேஸ், மெடிக்கல் ஷாப் கேப்ஸ்யூல், பரணில் தூங்கும் கேசட். டீக்கடையில் "கேஷா, ஜிபேயா?" என்கிறாரே, அந்தக் கேஷும்தான்: பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு 'கேஸ்', உள்ளிருந்த பணத்துக்கே பெயரானது.

கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று பெருமைப்படுவோர் உண்டு. பாதி சரி. நம் காசைப் போர்த்துகீசியர் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா'வாக்கினார்கள். ஆங்கிலேயர் அந்தச் சில்லறையையும் 'கேஷ்' என்றார்கள். பழைய மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வேர் வேறு, உச்சரிப்பு ஒன்று.

புரோக்கர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். கமிஷன் கேஷாகத்தான் வேண்டுமாம்.