மாறும் கட்டுரையும் மாறாத சான்றும்: ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் பற்றிய ஒரு மதிப்பீடு

மெய்யியலில் ஆய்வேடு எழுதப் புகுவோர் பலரும் இன்று முதலில் நாடுவது ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியத்தையே. எட்வர்டு ஸால்டாவை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1995இல் தொடங்கப்பெற்ற இக்களஞ்சியம் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நூலக வசதி குன்றிய கல்லூரிகளில் பணிபுரிவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆயினும் கட்டணமின்மையை அதன் தலையாய சிறப்பாகக் கொள்வது பொருந்தாது. அதன் உண்மையான புதுமை வேறொன்று. அதைப் பயன்படுத்துவோரே அதனைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை.

களஞ்சியத்தின் ஒவ்வொரு கட்டுரையையும் அப்பொருளில் பயின்ற அறிஞர் ஒருவர் தம் பெயரில் எழுதுகிறார். துறைசார் பதிப்பாசிரியரின் மதிப்பீட்டிற்குப் பின்னரே அது வெளியிடப்படுகிறது. எழுதியவர் அதனைக் காலந்தோறும் திருத்தியமைக்கக் கடமைப்பட்டவர். பெருந்திருத்தங்களும் மதிப்பீட்டிற்கு உட்படும். அவர் இயலாத நிலையில் அதே தலைப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்படலாம். இவ்வாறு கட்டுரை மாறிக்கொண்டே இருக்க, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை களஞ்சியம் முழுவதும் ஒரு பதிப்பாக நிலைநிறுத்தப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்படுகிறது. அச்சுக் களஞ்சியம் நிலையானது, ஆனால் விரைவில் பழமையடைவது. இணையப் பக்கம் புதியது, ஆனால் நிலையற்றது. இவ்விரு குறைகளையும் ஒருசேர நீக்கும் ஏற்பாடு இது.

இதனை அறியாது சான்று காட்டும்போது இரு பிழைகள் நேர்கின்றன. 'ஸ்டான்ஃபோர்டு களஞ்சியம் கூறுகிறது' என்று எழுதுவது முதற்பிழை. களஞ்சியம் எதுவும் கூறுவதில்லை. பெயருடைய ஓர் ஆசிரியர், தம் சார்பு நிலையிலிருந்து, விவாதத்திற்குரிய ஒரு பொருளைத் தொகுத்துரைக்கிறார். அவர் பெயரை மறைத்தவுடன் ஒரு கருத்து துறையின் பொது முடிவுபோல் தோற்றங் கொள்கிறது. நடப்பு முகவரியையும் பார்த்த நாளையும் மட்டும் தருவது இரண்டாவது. ஆய்வேட்டைத் தேர்வாளர் படிக்கும்போது அம்முகவரியில் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை இருக்கக்கூடும். மாணவர் படித்தது எது என்பதைப் பார்த்த நாள் தானே காட்டிவிடாது. பருவமும் ஆண்டும் குறித்த காப்பகப் பதிப்பே நேராகக் காட்டும். அதனைச் சுட்டும் முறையைக் களஞ்சியம் கட்டுரைதோறும் தந்திருந்தும் நாம் ஏன் புறக்கணிக்கிறோம் என்பது வியப்பிற்குரியது.

களஞ்சியத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு. கட்டுரை எல்லார்க்கும் திறந்திருக்க, அதன் துணைநூற்பட்டியலில் உள்ள ஆய்விதழ்க் கட்டுரைகளுள் பல கட்டணச் சுவருக்குப் பின் உள்ளன. எனவே தொகுப்புரையே மூலநூலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டேவிட் பூர்ஜே, டேவிட் சால்மர்ஸ் ஆகியோர் 2009இல் தொடங்கிய ஃபில்பேப்பர்ஸ் என்னும் அடைவு இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆசிரியர்களே பதிவேற்றிய கட்டுரைப் படிகளை அதன்வழிப் பெறலாம். இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தாதவர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார். அவ்வடைவு நடத்திய 2009ஆம் ஆண்டுக் கருத்தாய்வும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. 99 துறைகளைச் சேர்ந்த 1,972 பேரை நோக்கிய வினாக்களுக்கு விடையளித்தோர் 931 பேர். அத்துறைகள் பெரும்பாலும் ஆங்கில உலகைச் சார்ந்தவை. அதன் விழுக்காடுகளை 'மெய்யியலாளர் கருத்து' என்று பொதுமைப்படுத்தி எழுதுவது தகாது.

தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் எத்தகையது என்பதை மணிமேகலையின் 29ஆம் காதையைக் கொண்டு காணலாம். அங்குக் கூறப்படும் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி ஆகியவற்றை விளங்கிக்கொள்ள, திக்நாகர் மரபின் அளவையியல் பற்றிய களஞ்சியக் கட்டுரைகள் பெருந்துணையாகும். ஆனால் அவை வடமொழி, திபெத்திய மூலங்களைக் கொண்டு அம்மரபை விளக்க எழுந்தவை. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து என்னும் தொகை மணிமேகலையிலும் நியாயப்பிரவேசத்திலும் ஒத்திருக்கிறது. இவ்வொப்புமை ஒன்றிலிருந்து மற்றொன்று பெற்றதா, இரண்டிற்கும் பொது மூலம் உண்டா என்பதே தமிழாய்வின் வினா. நியாயப்பிரவேசத்தின் ஆசிரியர் திக்நாகரா, சங்கரசுவாமியா என்னும் வழக்கும் இதனோடு பிணைந்தது. களஞ்சிய விளக்கத்தைத் தமிழ்ச் சொற்களின்மேல் அப்படியே பொருத்திவிடின் அவ்வினா எழுவதற்கே இடமில்லாமற் போகும்: உபயாசித்தம், அன்னியதராசித்தம் என்று காதை வகுப்பன வடமொழி வகைமைக்கு எடுத்துக்காட்டுகளாக மட்டுமே எஞ்சும். கட்டுரையைப் படித்து முடித்த ஆய்வாளர் அதன் துணைநூற்பட்டியல்வழி நியாயப்பிரவேசப் பதிப்பிற்குச் சென்று, காதையின் அடிகளோடு அதனை வரிசை வரிசையாக ஒப்பிடவேண்டியிருக்கிறது.