பத்து சதவீதத்துக்குள் நேர்மை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகும் மாணவரிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை பெர்சென்ட் வந்தது?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு மூலம், பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கொண்டுவந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தரவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து.

இந்த அளவுகோலால் ஒரு நன்மை உண்டு. நெறியாளருக்குப் பிடிக்காத மாணவரை 'காப்பியடித்தவர்' என்று வாய்மொழியாக ஒதுக்கிவிட முடியாது. புகார் முதலில் துறைக் குழுவுக்கும் பிறகு நிறுவனக் குழுவுக்கும் போகிறது; நிறுவனக் குழுவில் வெளியாள் ஒருவரும் உண்டு. மாணவர் தன் தரப்பைச் சொல்லவும் வழி இருக்கிறது. நம் கல்வி நிலையங்களின் அதிகார அடுக்கை அறிந்தவர்கள் இதை அற்பமென்று தள்ளமாட்டார்கள்.

கோளாறு, எதை அளக்கிறார்கள் என்பதில்தான். பிறர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதும் திருட்டு என்று விதியின் வரையறையே சொல்கிறது. மென்பொருளோ சொற்களின் ஒப்புமையை மட்டுமே எண்ணுகிறது. 200 பக்க ஆய்வேட்டில் 20 பக்கம் அப்படியே இன்னொருவருடையது என்றாலும், அது பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்த 20 பக்கம்தான் ஆய்வின் உயிர்நாடி என்பது எண்ணுக்குத் தெரியாது.

தமிழ் ஆய்வேடுகளில் நிலைமை இன்னும் விசித்திரம். பொதுவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்கள் 14 சொற்கள் வரை இருந்தால் கணக்கில் வராது என்கிறது விதி. 'நீர்ப்பாசனக் குளங்களைப் பராமரித்துவந்த ஊர்ச்சபைகள் வலுவிழந்ததால்தான் தூர்வாரும் பணி அரசின் பொறுப்புக்கு மாறியது' என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தே சொற்கள், ஒரு முழு ஆய்வு முடிவு. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் இருபது சொற்களைத் தாண்டும். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் 14 என்பது தாராளமான சலுகை. தற்செயலா திருட்டா என்று எந்திரம் பார்ப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தனதாக்கிக்கொண்டவரும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை ஒட்டியவரும் பெரும்பாலும் சுத்தமான அறிக்கையோடு வெளியே வருவார்கள்.

தண்டனையிலும் சமன் இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டிய மாணவர் பதிவையே இழக்கிறார். அதே அளவு திருடிய பேராசிரியர் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு ஊதிய உயர்வை இழப்பார். மூன்றாண்டுக்குப் புதிய மாணவரை ஏற்க முடியாது. இதே குற்றத்தை மீண்டும் செய்தால்தான் வேலைக்கு ஆபத்து. நேர்மையைக் கற்றுத்தர வேண்டியவருக்குச் சற்றே மெத்தென்ற தண்டனை!

இத்தனைக்கும் மேலான குறை ஒன்று உண்டு. வகுப்பு ஒப்படைப்பு, பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் எல்லாவற்றையும் இந்த விதி வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. இளங்கலை மாணவர் மூன்றாண்டும் எழுதுவது இவற்றைத்தான். மேற்கோள் குறி போடாமல் இணையத்திலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் அங்கேயே வேரூன்றுகிறது. ஆய்வு நெறி பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தை முனைவர் பட்டப் பதிவுக்கு முந்தைய படிப்பில் கட்டாயமாக்கியது மானியக் குழு. அதற்குள் மாணவருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது ஆகிவிடுகிறது.

ஆகவே என் மதிப்பீடு இது: விசாரணை நடைமுறைக்காக இந்த ஒழுங்குமுறையை வைத்துக்கொள்ளலாம், நேர்மைக்கு அளவுகோலாக ஏற்க முடியாது. சதவீதம் சந்தேகத்தைக் கிளப்பும் கருவியாக மட்டும் இருக்கட்டும். தீர்ப்பை, அந்தத் துறை தெரிந்த ஒருவர் ஏட்டைப் படித்துச் சொல்லட்டும். ஒரு வாய்மொழித் தேர்வில் மாணவரை உட்காரவைத்து, 'இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?' என்று அரைமணி நேரம் கேட்டால் எந்த மென்பொருளும் காட்டாதது தெரிந்துவிடும். அதற்கு ஏட்டை முழுதும் படித்த ஆசிரியர் வேண்டும், சிக்கல் அங்கேதான்.